வளரும் வீடு: கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி

கட்டடக் கலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன எவை? வானளாவிய கோபுரங்கள், மன்னர்கள் எழுப்பிய மாளிகைகள், நினைவு மண்டபங்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டு வியக்கிறோம். தாஜ்மகாலின் அழகைப் பேசிப் பேசி மகிழ்கிறோம். அவற்றைக் கட்டுவித்த அரசர்களின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டன. ஆனால், அந்தக் கற்களைச் சுமந்த மக்கள் எத்தகைய வீடுகளில் வாழ்ந்தார்கள் என்று கேட்டால், வரலாறு பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஏழையின் குடிசை கட்டடக் கலையின் கணக்கில் சேர்ந்ததே இல்லை.

1947ஆம் ஆண்டு இந்தியா விடுதலை பெற்றபோது இந்தப் பழைய கணக்கைத் திருத்த வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. பிரிவினையால் வீடிழந்து வந்தோர் ஒருபுறம். வேலை தேடிக் கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு வந்தோர் மறுபுறம். புதிய அரசு அணைகளைக் கட்டியது, ஆலைகளைக் கட்டியது, கல்லூரிகளையும் புதிய தலைநகரங்களையும் கட்டியது. ஆனால் கூலித் தொழிலாளியின் வீட்டைக் கட்டுவது யார்? அதை எப்படிக் கட்டுவது? இக்கேள்விகளை வாழ்நாள் முழுவதும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தவர் பாலகிருஷ்ண வித்தல்தாஸ் தோஷி. 2018ஆம் ஆண்டில், கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. இவருடைய வாழ்க்கையையும், வீடு என்பதைப் பற்றி இவர் கொண்டிருந்த கொள்கையையும் இன்று நாம் காண்போம்.

தோஷி 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26ஆம் நாள் பூனா நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் மரச்சாமான்கள் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். உளியின் ஓசையும் மரத்தூளின் மணமும் நிறைந்த சூழலில் அவர் வளர்ந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்துவிட்ட அவரை அந்தப் பெரிய கூட்டுக் குடும்பம் வளர்த்தது. குடும்பம் பெருகப் பெருக, அவர்கள் குடியிருந்த வீடும் பெருகியது. தேவைப்பட்டபோது ஓர் அறை கூடியது. மேலே ஒரு மாடி எழுந்தது. ‘இதோ, வீடு கட்டி முடிந்துவிட்டது’ என்று சொல்லத்தக்க ஒரு நாள் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. நேயர்கள் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். தோஷியின் பிற்காலக் கொள்கை அனைத்துக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது.

இந்தியா விடுதலை பெற்ற அதே 1947ஆம் ஆண்டில் தோஷி பம்பாயிலுள்ள சர் ஜே.ஜே. கட்டடக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் இலண்டன் சென்றார். 1951ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற நவீனக் கட்டடக் கலைஞர்களின் அனைத்துலக மாநாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பஞ்சாபின் புதிய தலைநகரான சண்டிகரைத் திட்டமிடும் பொறுப்பு லெ கார்புசியர் என்ற பேரறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த செய்தியை அங்கே அவர் அறிந்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சில் குடியேறிய லெ கார்புசியர், அக்காலத்தில் உலகம் முழுவதும் பேசப்பட்ட கட்டடக் கலைஞர். அவரிடம் பணியாற்ற விரும்பி இளைஞர் தோஷி தம் கையாலேயே விண்ணப்பம் எழுதி அனுப்பினார். பாரிசுக்கு வரலாம் என்று பதில் வந்தது. ஆனால் முதல் எட்டு மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது!

தோஷிக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. கையில் காசும் இல்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆலிவ் காயும் உண்டு நாட்களைக் கழித்தார். ஆயினும் அந்தப் பட்டறையில் அவர் கற்றது கொஞ்சமன்று. ஒரு கட்டடத்துக்குள் வெளிச்சம் எப்படி நுழைய வேண்டும், ஒரு சாய்தளத்தில் நடந்து செல்லும் மனிதனின் கண்ணுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் எப்படி விரிய வேண்டும் என்பனவற்றையெல்லாம் அங்கே பயின்றார்.

1954ஆம் ஆண்டில் தோஷி தாயகம் திரும்பினார். லெ கார்புசியர் குசராத்தின் அகமதாபாத் நகரில் வடிவமைத்த கட்டடங்களை மேற்பார்வையிடுவது அவருக்குக் கிடைத்த பணி. அகமதாபாத் அந்நாளில் துணி ஆலைகளால் செழித்த நகரம். ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடம், சாராபாய் குடும்பத்துக்குரிய இல்லம், ஷோதன் இல்லம் ஆகியவை இவ்வாறு எழுந்தவையே. வெயில் நேராக உள்ளே பாயாமல் தடுக்கும் கான்கிரீட் தடுப்புகளும், காற்று தாராளமாக உலவும் திறந்த முகப்புகளும் இக்கட்டடங்களின் சிறப்பு. ஐரோப்பாவில் பிறந்த ஒரு கலை இந்திய வெயிலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தைத் தோஷி இந்தப் பணியின்போது கண்கூடாகக் கண்டார்.

அதே 1954ஆம் ஆண்டில் அவர் தமக்குத் தாமே ஓர் உறுதியும் செய்துகொண்டார். சமுதாயத்தின் அடித்தட்டில் வாழும் மக்களுக்குத் தகுந்த வீடு அமைத்துத் தருவதை வாழ்நாள் கடமையாக நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதே அந்த உறுதி. 27 வயது இளைஞர் ஒருவர் இப்படி உறுதி எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. அதை அவர் காப்பாற்றினாரா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

அகமதாபாத்திலேயே தங்கிவிட்ட தோஷி, 1950களின் நடுவில் ‘வாஸ்து சில்பா’ என்ற பெயரில் தமது தொழிலகத்தைத் தொடங்கினார். 1962ஆம் ஆண்டில் இந்திய நிர்வாகக் கழகத்தின் கட்டடங்களை வடிவமைக்க அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானை அகமதாபாத்துக்கு அழைத்து வருவதில் முன்னின்றவரும் அவரே. லெ கார்புசியரிடம் கான்கிரீட்டின் ஆற்றலைக் கற்ற தோஷி, லூயி கானிடம் செங்கல்லின் அமைதியைக் கற்றார் எனலாம். இரு பெரும் ஆசான்களிடம் பழகும் பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆசானின் நிழலிலேயே ஆயுளைக் கழித்துவிடும் மாணவர்கள் பலர். தோஷி அந்த நிழலைவிட்டு வெளியே வந்தது எவ்வாறு?

முதற்படி, அவர் தொடங்கிய பள்ளி. 1962ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் ஒரு கட்டடக் கலைப் பள்ளியை நிறுவி, அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பத்து ஆண்டுகள் கழித்து, 1972இல், நகரத் திட்டமிடலைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றும் அதனுடன் சேர்ந்தது. இப்பள்ளிகள் வளர்ந்து பிற்காலத்தில் ‘செப்ட்’ பல்கலைக்கழகம் ஆயின. பள்ளிக்கான கட்டடத்தைத் தோஷியே வடிவமைத்தார். செங்கல் சுவர்கள், கான்கிரீட் தளங்கள், வடக்கிலிருந்து இதமான வெளிச்சத்தை வாங்கித் தரும் சாய்வான கூரைச் சாளரங்கள், கட்டடத்தின் அடியில் நிழலான திறந்த வெளி ஆகியன அதன் கூறுகள். வகுப்பறைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் கதவுகளை அவர் இயன்றவரை தவிர்த்தார். ஒரு வகுப்பில் நடக்கும் பேச்சு அடுத்த வகுப்புக்குக் கேட்க வேண்டும். படிக்கட்டில் மாணவரும் ஆசிரியரும் சந்தித்து விவாதிக்க வேண்டும் என்று விரும்பினார். கல்வி அறைக்குள் மட்டும் நடப்பதன்று, நடைவழியிலும் நடக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. பெங்களூரில் 1977இல் தொடங்கிய இந்திய நிர்வாகக் கழகக் கட்டடப் பணியில் இந்த நம்பிக்கை பெரிய அளவில் உருப்பெற்றது. கருங்கல் சுவர்களும், பாதி திறந்த நீண்ட தாழ்வாரங்களும், கொடிகள் படரும் பந்தல்களும், முற்றங்களும் கொண்ட அந்த வளாகத்துக்கு, அக்பர் கட்டிய பதேபூர் சிக்ரி நகரமும் பழைய கோயில் வளாகங்களும் வழிகாட்டின. நம் கோயில்களின் பிராகாரங்களில் நடந்து பழகியவர்களுக்கு, வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும் அந்த நடை புதிதாகத் தோன்றாது.

இரண்டாவது படி, நாட்டின் தட்பவெப்பத்துக்குச் செவிசாய்த்தது. 1980ஆம் ஆண்டில் தோஷி தம் தொழிலகத்துக்காக அகமதாபாத்தில் ‘சங்காத்’ என்ற கட்டடத்தை அமைத்தார். ‘சேர்ந்து இயங்குதல்’ என்பது இப்பெயரின் பொருள். அகமதாபாத்தின் கோடை மிகக் கடுமையானது. ஆகவே கட்டடத்தின் ஒரு பகுதியைத் தரைக்குக் கீழே இறக்கினார். மண் தரும் குளிர்ச்சி சுவர்களுக்குக் கிடைத்தது. மேலே அரைவட்ட வடிவில் வளைகூரைகளை அமைத்தார். கூரையின் இரு கான்கிரீட் அடுக்குகளுக்கு இடையே உள்ளீடற்ற சுடுமண் உருளைகளைப் பதித்ததால் வெப்பம் எளிதில் உள்ளே இறங்கவில்லை. கூரையின் மேற்புறத்தில் உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகளைப் பதித்தார்; அவை வெயிலைத் திருப்பி அனுப்பின. மழைநீர் வளைகூரைகளிலிருந்து வழிந்து, வாய்க்கால்கள் வழியே சிறு குளங்களில் சேர்ந்தது. விலையுயர்ந்த எந்திரங்களால் செய்ய வேண்டியதை மண்ணையும் நீரையும் உடைந்த ஓடுகளையும் கொண்டே அவர் செய்து காட்டினார். சிக்கனம் என்பது அழகுக்குப் பகை என்று எண்ணுவோர் சங்காத்தைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது படியே நம் பேச்சின் உயிர்நாடி. அது சாதாரண மக்களின் வீடு.

1973ஆம் ஆண்டில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்காகத் தோஷி அகமதாபாத்தில் ஒரு குடியிருப்பை அமைத்தார். வழக்கமான அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு மாடியைப் போலவே அடுத்த மாடியும் இருக்கும். ஒரே வருமானம் உடையவர்கள் ஒரே கட்டடத்தில் அடைந்து கிடப்பார்கள். தோஷி இதை மாற்றினார். மூன்று தளங்கள், கீழ்த்தளம் பெரியது, நடுத்தளம் அதைவிடச் சிறியது, மேல்தளம் மிகச் சிறியது. படிக்கட்டைப்போல் ஒன்றன்மேல் ஒன்று ஒடுங்கிச் சென்றதால் மேல் வீடுகளுக்குத் திறந்த மாடிவெளி கிடைத்தது. வெவ்வேறு வருமானமுள்ள குடும்பங்கள் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொண்டன. அந்த மாடிவெளியில் பிற்காலத்தில் ஓர் அறை சேர்த்துக்கொள்ளலாம். மகனுக்குத் திருமணமானால் அவன் குடும்பமும் அங்கேயே இருக்கலாம். ஆண்டுகள் செல்லச் செல்லக் குடியிருப்போர் சுவர்களை மாற்றினர், மாடங்களை மூடினர், புதிய அறைகளை எழுப்பினர். தாம் வரைந்த வடிவம் மாறிப்போனதை ஒரு குறையாகத் தோஷி கருதவில்லை. தாம் எதிர்பார்த்தது நிறைவேறியதாகவே கருதினார். பூனாவில் அவர் வளர்ந்த வீடும் இப்படித்தானே வளர்ந்தது!

இந்த அனுபவத்துடன் தோஷி மேற்கொண்ட பெரும்பணி இந்தூரில் உருவான ஆரண்யா குடியிருப்பு. இந்தூர் மத்தியப் பிரதேசத்தின் பெரிய தொழில் நகரம். அங்கே வேலைக்கு வந்த ஏழைகள், கிடைத்த இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்தனர். அரசு என்ன செய்யலாம்? முழு வீடுகளைக் கட்டித் தரலாம். ஆனால் கையிலுள்ள பணத்தில் சில வீடுகளே கட்ட முடியும். அந்த வீட்டின் தவணையைக் கட்ட முடியாத ஏழை, அதை விற்றுவிட்டு மீண்டும் குடிசைக்கே திரும்புவான். குடிசைகளை இடித்துத் தள்ளலாம் என்றால், அவர்கள் வேறோர் இடத்தில் குடிசை போடுவார்கள். இவ்விரு வழிகளாலும் பயனில்லை.

தோஷி 1978இல் நிறுவிய வாஸ்து சில்பா ஆய்வு நிறுவனம், திட்டம் வரைவதற்கு முன்பாக ஒரு காரியம் செய்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து இந்தூரின் குடிசைப் பகுதிகளை அளந்து, வரைந்து, ஆராய்ந்தது. அங்கே அவர்கள் கண்டது என்ன? வாசற்படியில் அமர்ந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். வீட்டின் முன்பகுதியே கடையாகிறது. தெருமுனை மரத்தடியில் முதியோர் கூடுகின்றனர். தெருவே சிறுவர்களுக்கு விளையாட்டிடம். அழுக்கும் நெருக்கடியும் மட்டுமே இருப்பதாக வெளியார் எண்ணிய இடத்தில், ஒழுங்கும் உழைப்பும் அறிவும் இருந்தன. அங்கே வாழ்ந்தோர் தம் தேவைக்கேற்பத் தாமே வீடு கட்டத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு இல்லாதவை நிலவுரிமை, குடிநீர், வடிகால், கழிப்பறை ஆகியவையே.

எனவே ஆரண்யாவில் எதை அரசு தர வேண்டும், எதை மக்கள் செய்துகொள்ள வேண்டும் என்று தோஷி பிரித்துப் பார்த்தார். தனி ஒருவரால் செய்துகொள்ள முடியாத நீர், மின்சாரம், வடிகால், சாலை ஆகியவற்றை அரசு தரட்டும். மிக ஏழைகளுக்கு மனையுடன், தரைக்குமேல் உயர்த்திய கான்கிரீட் மேடையும், கழிப்பறையும் கழுவுமிடமும் கொண்ட ஒரு சிறு பகுதியும், ஓர் அறையும் கிடைக்கட்டும். மற்றவற்றை அந்தக் குடும்பம், கையில் பணம் சேரும்போதெல்லாம் தானே கட்டிக்கொள்ளட்டும்.

ஆரண்யாவின் திட்டம் 1983இல் வரையப்பட்டது. இந்தூரிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில், 85 ஹெக்டர் நிலத்தில், சுமார் 6,500 வீடுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. நடுவே கடைகளும் தொழிலகங்களும் கொண்ட முதுகெலும்பு போன்ற வீதி. அதன் இருமருங்கிலும் ஆறு பகுதிகள். பத்து வீடுகள் ஒரு கூட்டமாக அமைந்து தெருவை நோக்கியிருந்தன. ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் முற்றம். இருபது வீடுகளுக்கு ஒரு கழிவுநீர்த் தொட்டி. ஏழைகளை ஊருக்கு வெளியே ஒதுக்காமல் ஒவ்வொரு பகுதியின் நடுவிலும், வசதியுள்ளோரை அதன் ஓரங்களிலும் நடுவீதியிலும் குடியமர்த்தியது திட்டம். முன்பணம் குடும்பத்தின் சராசரி வருமானத்துக்கேற்ப வகுக்கப்பட்டது. மீதியை மாதத் தவணையில் செலுத்தலாம். செங்கல், கல், சிமெண்டு ஆகியவை அங்கேயே கிடைத்தன. ஆயினும் எப்பொருளைக் கொண்டு கட்டுவது என்பது வீட்டுக்காரரின் விருப்பம்.

மக்களுக்கு வழிகாட்டுவதற்காகத் தோஷி 80 மாதிரி வீடுகளைக் கட்டிக் காட்டினார். ஓரறை வீடு முதல் விசாலமான வீடு வரை அவற்றில் இருந்தன. குசராத்தி மொழியில் ‘ஓட்லா’ எனப்படும் நம் ஊர்த் திண்ணை, வெளிப்படிக்கட்டு, மாடம் ஆகியவற்றை எப்படியெல்லாம் சேர்க்கலாம் என்பதை அவை காட்டின. இவற்றைப் போலவே கட்ட வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. வீட்டுக்கும் தெருவுக்கும் இடையில் திண்ணைக்கும் படிக்கும் இடம்விட்டதால், வீட்டு வாழ்க்கையும் தெரு வாழ்க்கையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

இத்திட்டத்தைக் குறைகூறுவோரும் உண்டு. ஏழையே தன் வீட்டைக் கட்டிக்கொள்ளட்டும் என்பது, அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஒரு வழியாகிவிடாதா என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். நீரும் வடிகாலும் தராமல் வெறும் மனையை மட்டும் கொடுத்துவிட்டு ‘வளர்ந்துகொள்’ என்று சொன்னால் அது ஏமாற்றாகவே முடியும். நகரம் வளர்ந்து நிலத்தின் விலை ஏறியபோது, ஆரண்யாவிலும் மனைகள் கைமாறின. தோஷி கட்டிய மாதிரி வீடுகளிலும் பல உருமாறிப்போயின. கட்டடக் கலைஞர் ஒருவரால் நில விலையைக் கட்டுப்படுத்த இயலாது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும், வெறும் வயலாக இருந்த இடத்தில் 80,000க்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஊர் ஒன்று எழுந்துவிட்டது. குடிசைவாசியைக் கை நீட்டுபவராகக் கருதாமல், கட்டத் தெரிந்தவராகக் கருதித் தொடங்கிய திட்டம் அது. வெவ்வேறு வருமானமுள்ள குடும்பங்களை ஒன்றாக வாழவைக்க எடுத்த முயற்சிக்காக, 1995ஆம் ஆண்டில் ஆரண்யாவுக்கு ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது.

இதன் பிறகும் தோஷி ஓய்ந்துவிடவில்லை. ஓவியர் எம்.எஃப். உசேனுக்காக அகமதாபாத்தில் தரைக்கடியில் குகை போன்ற கலைக்கூடம் ஒன்றை 1994இல் அமைத்தார். இந்திய அரசு 1976இல் பத்மஸ்ரீ, 2020இல் பத்மபூஷண் விருதுகளை அவருக்கு வழங்கியது. 2018இல் பிரிட்ஸ்கர் பரிசும், 2022இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகம் வழங்கும் தங்கப் பதக்கமும் அவரைத் தேடி வந்தன. 2023ஆம் ஆண்டு சனவரி மாதம் 24ஆம் நாள், தம் 95ஆம் வயதில், அகமதாபாத்தில் அவர் காலமானார். அவர் மறைந்த பிறகு பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

நேயர்களே, 1954இல் எடுத்துக்கொண்ட உறுதியைத் தோஷி காப்பாற்றினாரா என்று முன்னர் கேட்டோம். இந்தியாவின் வீடில்லா மக்கள் அனைவருக்கும் அவர் வீடு தந்துவிடவில்லை. தனி ஒருவரால் அது இயலும் காரியமும் அன்று. ஆனால், அவர்களுக்கு வீடு தருவது எப்படி என்ற கேள்வியை அவர் சரியாகக் கேட்டார். கட்டடக் கலைஞர் தொடங்கிவைக்கிறார், குடியிருப்போரே அதை முடிக்கிறார்கள்; முடிக்காமலும் தொடர்ந்து கட்டிக்கொண்டே போகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. தம் கைவண்ணம் அழியாமல் நிற்க வேண்டும் என்று விரும்பும் கலைஞர்களே மிகுதி. தாம் கட்டியதை மற்றவர் மாற்றும்போது மகிழ்ந்த கலைஞர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவராகத் தோஷியை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.